தீவுக்கு ஒரு கிரிவலம்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பூகோள வாத்தியார். வளைகுடா, தீபகற்பம், தீவு என்று கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்து காட்டி, தப்பாகப் பதில் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தவன். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியும் நான் கடலைப் பார்த்ததில்லை. (பிள்ளைகளும் பார்த்ததில்லை. அதனால் வண்டி ஓடியது.)

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி வசந்தா கீழ்பென்னாத்தூர்ப் பெண். மாமனாருக்கு அங்கே நிலம், மணிலாக்கொட்டை சாகுபடி. கல்யாணமான கையோடு எல்லாரும் திருப்பதிக்குப் போய்வருவது வழக்கம். மாமனாரும் அதைத்தான் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பூகோளம் படித்தவன் பொண்டாட்டியை மொட்டைகளுக்கு நடுவிலா கூட்டிக்கொண்டு போவான் என்று ஒரு திமிர். காலாண்டு விடுமுறையில் மூன்றே நாளில் ஒரு பெருநகரம், ஒரு கலை, ஒரு தீவு, மூன்றையும் காட்டிக் கூட்டிவருகிறேன் என்று அறிவித்தேன். ஊர் கொச்சி.

வசந்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் பிறந்த வீட்டுச் சுவரில் ஏதோ உரக்கம்பெனி காலண்டர் பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கதகளிக்காரர் ஒருவரின் பச்சை முகம். அது முகமூடியா, முகத்திலேயே பூசியதா என்று சின்ன வயதிலிருந்து அவளுக்கும் அவள் தங்கைகளுக்கும் ஓயாத சண்டை. கிட்டே போய்ப் பார்த்து அதைத் தீர்த்துக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான். கொச்சியில் ஒரு சின்ன அரங்கில் தினமும் சாயங்காலம் கதகளி ஆடுகிறார்கள், நாலு மணிக்கே போனால் வேஷம் கட்டுவதையே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, நானே வேஷம் கட்டப்போகிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு திட்டம் போட உட்கார்ந்தேன். அதில்தான் வினையே.

பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி முழுநீளத் தாளில் கோடு போட்டு, கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதினேன். ஒன்று மாமனாருக்கு, ஒன்று தலைமையாசிரியருக்கு, ஒன்று எனக்கு. '6.10 முதல் 6.25 வரை பல் துலக்குதல்' என்றுகூட ஒரு கட்டம் இருந்தது. முதல் நாள் நகரம், இரண்டாம் நாள் அரண்மனையும் கோட்டையும். மூன்றாம் நாள் காலை தீவு, மாலை கதகளி, அப்படியே ரயில். வசந்தா எட்டிப் பார்த்து, "கதகளியை மொதல் நாளே பாத்துடலாமேங்க, கடேசி நாள் எதுக்கு?" என்றாள். கார்பன் பிரதி எடுத்தாகிவிட்டது, இனிமேல் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து தீவு. பள்ளிக்கூடத்து இந்தியப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் விரித்து, தூரத்தை நூலால் அளந்தேன். நான் போக நினைத்த தீவு அந்தப் படத்திலேயே இல்லை. அதனால் என்ன, இருக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் நானே ஒரு புள்ளி வைத்தேன். பிறகு நான் வைத்த புள்ளியைச் சுற்றி நானே நூலை வைத்து அளந்தேன். எட்டு கிலோமீட்டர் வந்தது.

எட்டு கிலோமீட்டர் எங்களுக்கு ஒரு தூரமா? திருவண்ணாமலையில் பிறந்தவன் மலையைச் சுற்றியே வளர்ந்தவன். கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், யாரிடமும் வழி கேட்கவேண்டாம், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுவோம். எங்கள் ஊரில் கண்ணைக் கட்டிவிட்டாலும் யாரும் தொலைந்து போகமாட்டார்கள். தீவு மட்டும் என்ன? சுற்றிலும் தண்ணீர், நடுவில் நிலம். நிலத்தை வலக்கைப் பக்கமும் கடலை இடக்கைப் பக்கமும் வைத்துக்கொண்டு நடந்தால் படகுத்துறைக்கே திரும்பி வந்துவிடலாம். '9.00 முதல் 11.00 வரை தீவு வலம்' என்று கட்டத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன்.

எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் ரஹீம் சாரின் அண்ணன் துணி வியாபாரமாகக் கொச்சிக்குப் போய்வருபவர். தாளைப் பார்த்த ரஹீம் சார், அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அது நீட்டமான தீவு, பஸ்ஸில் போங்கள் என்றார். கணக்கு வாத்தியாருக்குப் பூகோளம் எப்படித் தெரியும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

காட்பாடியில் ரயில் ஏறி மறுநாள் காலை கொச்சியில் இறங்கினோம். முதல் இரண்டு நாளும் நன்றாகவே போனது. கடலை முதன்முதலாகப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். ஆனால் வசந்தாவிடம், "நான் சொன்னேன்ல, இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதுக்கெல்லாம் தீவில் இறங்கிவிட்டோம். தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்தத் தீவுக்காரர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. படகுத்துறையிலேயே பஸ் நின்றது. வசந்தா அதைப் பார்த்தாள். கிரிவலத்தில் யாராவது பஸ் ஏறுவார்களா என்று கேட்டுவிட்டு மேற்குப் பக்கம் திரும்பி நடந்தேன். கடல் இடக்கைப் பக்கம் வந்தது. எல்லாம் சாஸ்திரப்படி சரியாக இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் ஆனந்தம். தென்னை மரங்கள், காயப்போட்ட வலைகள், காற்று. வசந்தா கிளிஞ்சல் பொறுக்கினாள். பத்தரை மணிக்குக் கரை வலப்பக்கம் வளையவேண்டும். வளையவில்லை. "அதோ அந்த மரத்தாண்ட வளையுது பாரு" என்றேன். மரம் வந்தது, கரை நேராகவே போனது. இப்படியே ஏழெட்டு மரம் காட்டியிருப்பேன். பதினொன்றரைக்கு வசந்தாவின் செருப்பு வார் அறுந்தது. என் புதுச் செருப்பு அதற்கு முன்பே குதிகாலைக் கடித்துவிட்டிருந்தது. இரண்டு ஜோடியையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கரையை விட்டு ரோட்டுக்கு ஏறி, வெறுங்காலோடு வெயிலில் நடந்தோம். நாலு மணிக்குள் போய்விடுவோமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பன்னிரண்டரைக்கு ஒரு டீக்கடை. கடைக்காரர் கோயமுத்தூர் மில்லில் பத்து வருடம் இருந்தவர், நன்றாகத் தமிழ் பேசினார். படகுத்துறைக்கு இப்படியே சுற்றிப் போக இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். வடக்கு முனைக்கே இன்னும் பதினாலு கிலோமீட்டர், அங்கிருந்து திரும்பி அந்தப் பக்கமாக வந்தால் மொத்தம் ஐம்பதுக்குக் குறையாது என்றார். பிறகு எங்கள் வெறுங்காலையும் மஞ்சள் பையையும் பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

"எந்தச் சாமிக்கு வேண்டுதல்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பூகோள வாத்தியாருக்குத் தீவு வட்டமாக இருக்கும் என்று நினைப்பு என்று சொல்லியிருக்கலாம். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் கண்ணை மூடி, மெதுவாகத் தலையை ஆட்டி, "எங்க ஊரு சாமிக்குத்தாங்க" என்றேன். வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

அவ்வளவுதான், மரியாதை தூள் பறந்தது. பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார்கள். இளநீர் வெட்டினார்கள். ஒரு அம்மா தன் மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகவேண்டும், எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று வசந்தாவிடம் சொன்னாள். அப்போது ஒரு பஸ் வந்தது. வடக்கே போகும் பஸ்தான், ஆனால் ஏறினால் அது திரும்பும்போது அப்படியே படகுத்துறைக்கு வந்துவிடலாம். நான் எழுந்து ஒரு அடி வைப்பதற்குள் கடைக்காரர் ரோட்டுக்கு ஓடி, இவர்கள் வேண்டுதலில் இருக்கிறார்கள், நிறுத்தாதே என்று கண்டக்டருக்குக் கை காட்டி அனுப்பிவிட்டார். கண்டக்டர் படியில் நின்றபடியே எங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அத்தனை பேர் பார்க்கும்போது வந்த வழியே திரும்புவது எப்படி? கும்பிட்டுவிட்டு வடக்கே நடந்தோம். கடை கண்ணுக்கு மறைந்ததும் ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, அதே பஸ் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தோம். இரண்டரைக்கு வந்தது. பாய்ந்துபோய்க் கையைக் காட்டினேன். அதே கண்டக்டர். நான் ஆசீர்வாதம் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இந்தத் தடவை டிரைவரும் சேர்ந்து கும்பிட்டார். பஸ் நிற்காமல் போய்விட்டது.

வசந்தா அழவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கிளிஞ்சல்களை முந்தானையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் வைத்தாள். மணி மூன்றாகி நாலானது. அரங்கில் இந்நேரம் பச்சையைக் குழைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் ஆசையாகக் கேட்ட ஒரே ஒரு விஷயத்தை என் திமிரால் கெடுத்துவிட்டேன்.

நாலரைக்கு வேறொரு பஸ் தெற்கே போக வந்தது. இதன் கண்டக்டரும் தூரத்திலேயே படியில் நின்று கையைக் குவித்துக்கொண்டு வந்தார். (சேதி அதற்குள் தீவு முழுக்கப் பரவியிருந்தது.) வசந்தா எழுந்தாள். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் போய் நின்றாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீண்டது.

"வேண்டுதல் கீண்டுதல் எதுவும் கெடையாதுங்க. இவரு வாத்தியாரு. சுத்தி வந்துடலாம்னு நெனச்சிட்டாரு. ஏத்திக்கோங்க."

தமிழ் புரிந்த ஒருவர் மலையாளத்தில் சொல்ல, மொத்த பஸ்ஸும் சிரித்தது. படகுத்துறை வரை சிரித்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதிதாக ஏறியவர்களுக்குக் கண்டக்டர் முதலிலிருந்து சொன்னார்.

அரங்குக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழு. ஆட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வசந்தா வெளிச்சுவரில் இருந்த கதகளிப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போய் அங்கிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இந்தத் தடவை ஒரு பொய்கூடக் கலக்காமல். அவர் எங்கள் புழுதிக் காலைப் பார்த்துவிட்டுப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஆட்டக்காரர் கிரீடத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றி ஒட்டியிருந்த, சுட்டி என்கிற வெள்ளைக் காகித விளிம்பைப் பிய்த்து எடுத்தார். தேங்காயெண்ணெயைத் தொட்டு முகத்தில் தடவினார். பச்சை இளகி வழிந்தது. அடியிலிருந்து எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி ஒரு சாதாரண முகம் வெளியே வந்து வசந்தாவைப் பார்த்துச் சிரித்தது. துடைத்த துணியை அவளிடம் நீட்டினார். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் பச்சையானது.

"பூச்சுதாங்க" என்றாள் என்னிடம். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அந்த விரலை அவள் காட்பாடி வரும்வரை கழுவவில்லை.

கீழ்பென்னாத்தூரில் மாமனார் கார்பன் பிரதியோடு காத்திருந்தார். ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் தீவு வலத்துக்கு வந்து நின்றார். நான் வசந்தாவைப் பரிதாபமாகப் பார்த்தேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே, "அதாம்பா, வேண்டிக்கிட்டு வெறுங்காலோட சுத்தினாரு" என்றாள்.

மாமனார் நெகிழ்ந்துபோனார். என்னை நாத்திகன் என்று நினைத்திருந்தவர் அவர். "இன்னா வேண்டுதல் மாப்ள?"

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா சொன்னாள்: "புத்தி வரணும்னு."

"நல்ல வேண்டுதல்தான்" என்றார் மாமனார், துளிகூடச் சிரிக்காமல். "முழுசா சுத்தி முடிச்சாரா?"

"எங்கேப்பா? கால்வாசியில பஸ் ஏறிட்டாரு."

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் போன எல்லா ஊருக்கும் வசந்தாதான் திட்டம் போட்டாள், நான் பை தூக்கினேன். போன வாரம் மூக்குக் கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்த மருமகள், கல்யாணமாகி வந்து மூன்றே மாதமானவள், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "மீதித் தீவுக்கு டிக்கெட் போட்டுடட்டுங்களா, மாமா?"