திங்கட்கிழமைக்குள் ஒரு போட்டோ

"படம் எங்கய்யா?" என்றார் மானேஜர் பாண்டியராஜ்.

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "கேமராவைப் பார்த்தாலே அந்தம்மா முந்தானையைப் போட்டு முகத்தை மூடிக்குது சார்."

"திங்கக்கிழமைக்குள்ள வரலைன்னா, ஞாயித்துக்கிழமை உனக்கு மரக்கன்னு நடுற வேலைதான்."

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நாச்சிமுத்து டைம்கீப்பர். வெளிநாட்டில் நூல் வாங்குகிறவர்கள், 'ஊருக்கு என்ன நல்லது செய்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டார்களாம். அதனால் 2003ஆம் வருஷம், ஆபீஸில் இருப்பவர்கள் ஆளுக்கொரு ஆதரவற்ற முதியவரை ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கவேண்டும், அதற்குச் சாட்சியாக ஒரு படமும் தரவேண்டும் என்று உத்தரவு. எல்லோரும் முணுமுணுத்தார்கள், நாச்சிமுத்துவைத் தவிர. மனைவி போய் ஆறு வருஷம். மகள் சூரத்தில். வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசும். இவர் சொல்வது அதற்குக் கேட்காது, பாவம்.

அவருக்கு வாய்த்தவள் நாகல் நகர் ராமுத்தாய். அறுபத்தெட்டு வயது, ஒற்றை அறை வீடு. இவர் சர்க்கரையும் ஹார்லிக்ஸும் கொண்டுபோவார். அவள் சோறு போடுவாள். ஏழு மாதமாக, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க அப்பு" என்று அவரிடம் சொன்ன ஒரே குரல் அவளுடையது. அதைப் போய் மரக்கன்றிடம் தோற்பதா?

அந்த ஞாயிறு மறுபடியும் கேமராவை இரவல் வாங்கிப் போனார்.

"திரும்பவும் இது எதுக்கு?" என்றாள் ராமுத்தாய்.

"ரேசன் கார்டுக்குக்கா."

"ரேசன் கார்டுக்கு மில்லுக்காரன் ஏன் படம் எடுக்கான்? இந்த வீட்டை எழுதி வாங்கப் பாக்குறியா?"

பொய் வினையாகிவிட்டது. நாச்சிமுத்து தெருமுனைக்கு ஓடி, ஒரு சால்வை வாங்கி, ஸ்டுடியோக்காரர் நூர் அகமதுவையும் கையோடு கூட்டிவந்தார்.

"உங்களுக்குப் பொன்னாடை போத்தப் போறோம்க்கா."

"உசுரு இருக்கும்போதேவா? செத்தப்புறம் போத்துனாப் போதும், போ."

நாச்சிமுத்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ராமுத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நூர் அகமதுவிடம் திரும்பினாள்.

"ஏப்பா, இவரு சாப்புடறாரு, நான் பரிமாறுறேன். அப்படி எடுப்பியா?"

"பேஷா எடுக்கலாம்க்கா."

அவள் தலை வாரி, வெளுத்த சேலை மாற்றி, இலை போட்டாள். நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"சிரிக்காத அப்பு. கொஞ்சம் வாடுன மாதிரி இரு."

சொன்னபடி வாடினார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

திங்கட்கிழமை பாண்டியராஜ் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ கோழிக்கொழம்பு திங்கிறதைப் பாத்தா வெளிநாட்டுக்காரன் நூல் வாங்குவான்?"

"அவங்க முகம் தெளிவா இருக்கு சார்."

"உன் வாயும்தான் தெளிவா இருக்கு. வர்ற ஞாயிறு மம்பட்டியோட வந்து சேரு."

சாயங்காலம் மில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நாகல் நகர் போனார். ராமுத்தாய் வீடு பூட்டியிருந்தது. இனிமேல் வரமுடியாது என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு வீணாயிற்று. பூட்டை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டுடியோவுக்கு நடந்தார்.

"பாய், அக்கா வந்தா சொல்லிருங்க. இனி ஞாயித்துக்கிழமை நான் வர ஏலாது. வேற வேலை போட்டுட்டாங்க."

நூர் அகமது ஈரப் படங்களைக் கிளிப்பில் மாட்டுவதை நிறுத்தினார்.

"நீங்க வராம இருந்துராதீங்கண்ணே, அக்கா பேரு கெட்டுப்போகும், நாதியத்த ஒரு ஆளுக்கு வாராவாரம் சோறு போடணும்னு அவங்க மகளிர் குழுவுல சொன்னப்போ அக்கா எழுதிக் குடுத்ததே உங்க பேரைத்தான், குழுக் கடனுக்குப் பேங்குல காட்ட ஒரு படம் சிக்காமத்தான் இம்புட்டு நாளாத் தவிச்சுக்கிட்டு இருந்துச்சு."