ஒன்பதாம் கட்டமும் ஒரு கிளட்ச் மிதியும்

இடதுகால் நடப்பதற்காக ஏற்பட்டது என்றொரு கருத்து படித்தவர்களிடையேகூட நிலவுகிறது. இது பிழை. இடதுகால் கிளட்ச் மிதிப்பதற்காக ஏற்பட்டது. ஆதாரம்: வாகனத் தகுதிச் சான்றிதழுக்கான படிவம், ஒன்பதாம் கட்டம். நடப்பதைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு வரியும் கிடையாது.

இது தெரியாமல்தான் தண்ணீர் லாரிக்காரர் மாட்டிக்கொண்டார். அவருடைய இடது முழங்காலை அறுத்துத் தைத்த டாக்டர், இனி கிளட்ச் மிதித்தால் என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். லாரியோ கிழடு. அதன் சொந்த எஞ்சின் எப்போதோ செத்து, வேறொரு வண்டியின் எஞ்சின் உள்ளே குடியேறியிருந்தது. அதற்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்திவிடலாம் என்றான் மெக்கானிக். அவன் லாரிக்காரர் மனைவியின் தம்பி. எஞ்சினின் போல்ட் துளைகளுக்கும் கியர்பாக்ஸின் துளைகளுக்கும் சம்பந்திச் சண்டை. சமாதானத்துக்கு நடுவில் விரல் கனத்தில் ஓர் இரும்புத் தகட்டை அறுத்து வைத்தான். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை ஒரு சாண் வெட்டினான். இரண்டு மாதம் கழித்து, லாரி தானாகவே கியர் மாற்றிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தது. லாரிக்காரர் இடதுகாலை நீட்டி வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் மூன்று பள்ளிக்கூடங்களுக்குத் தண்ணீர் விடும் வேலை கைமாறிவிடும்.

ஆய்வாளர் நல்ல மனிதர். வேற்று எஞ்சினையும் இரும்புத் தகட்டையும் அவர் கண்டுகொள்ளவில்லை. அவற்றுக்குக் கட்டம் இல்லை. ஒன்பதாம் கட்டத்தில்தான் பேனா நின்றது. கிளட்ச் மிதியின் தளர்வு, மில்லிமீட்டரில்.

“கிளட்சே இல்லைங்க,” என்றார் லாரிக்காரர்.

“அப்படி எழுத முடியாது. நம்பர் கேக்குது.”

“பூஜ்யம் போடுங்களேன்.”

“பூஜ்யம்னா மிதி இறுகிப்போச்சுன்னு அர்த்தம். ஃபெயிலாயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மறுநாள் மெக்கானிக் எதனோடும் சேராத ஒரு மிதியை ஸ்பிரிங் வைத்துப் பொருத்தினான். ஆய்வாளர் குனிந்து அளந்தார். இருபத்திரண்டு. மனம் குளிர்ந்து எழுதிக்கொண்டு பத்தாம் கட்டத்துக்கு வந்தார். மிதியை அழுத்தாமல் கியர் மாறுகிறதா? மாறியது. இது பெரிய ஆபத்தாயிற்றே என்று அவர் உண்மையிலேயே பயந்துபோனார்.

ஆகவே மெக்கானிக் மிதியிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு ஒயர் இழுத்தான். இனி மிதித்தால்தான் கியர் மாறும். இரண்டு மாதம் பாடுபட்டு ஒழித்த கிளட்ச் ஒரே மத்தியானத்தில் திரும்பி வந்தது. லாரிக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, “மிதியை என் சீட்டுப் பக்கம் தள்ளி வைடா,” என்றாள் தம்பியிடம்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் ஆய்வு. கணவர் “மிதி” என்பார், அவள் மிதிப்பாள். கியர் வெண்ணெயாக மாறியது. ஆய்வாளர் மட்டும் யோசனையில் ஆழ்ந்தார்.

“ஓட்டறது யாரு?”

“நான்தாங்க.”

“கிளட்ச் மிதிக்கிறவர்தான் ஓட்டுநர்னு விதி சொல்லுது. நீங்க என்ன பண்றீங்க?”

“ஸ்டியரிங் பிடிக்கிறேன். பிரேக் போடறேன்.”

“அது உதவி.”

தான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்று அவள் பதறினாள்.

“தொடாதவரைக்கும் தப்பே வராதும்மா,” என்று பத்து நிமிடத்தில் அவளுக்கு உரிமம் எழுதிக் கொடுத்தார்.

சான்றிதழ் வந்தது. ஆய்வாளரின் நுண்மதியைப் பாராட்டி மேலிடம் சுற்றறிக்கை விட்டது: சகல ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கும் ஒரு மிதி, மிதிக்க ஓர் ஆள். முதலில் முணுமுணுத்த ஊர், ஒரே மாதத்தில் அதை நாகரிகமாக்கிக்கொண்டது. காரில் தனியாகப் போகிறவரைப் பார்த்தால் இப்போது பரிதாபப்படுகிறார்கள். டாக்டருக்கு அவர் மனைவி மிதிக்கிறார். ஆய்வாளருக்கு அவருடைய மாமியார்.

போன புதன்கிழமை காலை லாரிக்காரர் வீட்டில் ஏதோ பேச்சு தடித்தது. லாரி வழி முழுக்க முதல் கியரிலேயே போயிற்று. பள்ளிக்கூடங்களுக்குத் தண்ணீர் மத்தியானம் இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது.