லேப்டாப் நொண்டிய குளிர்காலம்

கேமிங் லேப்டாப் வாங்கும் எந்தக் கணவனும் வீட்டில் அதை கேமிங் லேப்டாப் என்று சொல்லி வாங்குவதில்லை. நானும் சொல்லவில்லை. "ஆபீஸ்ல பெரிய ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க, சாதாரண மெஷின் தாங்காது" என்றுதான் சொன்னேன். என் மனைவி அகிலா வங்கி அதிகாரி. கடன் கேட்டு வருகிறவர்கள் விடும் கதையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவள். பெட்டியைப் பிரித்ததும் கீபோர்டில் பச்சை, சிவப்பு, ஊதா என்று விளக்கு ஓடியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க இதுல சீரியல் செட் எரியுது?"

"கண்ணுக்கு நல்லதாம்."

(சொல்லும்போதே எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.)

அகிலாவுக்குத் திருச்சியிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்காரனான நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். டாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் மாடி எங்களுக்கு. கீழே வீட்டுக்காரர், ரிடையரான சரித்திர வாத்தியார். தெருவே அவரை மேஷோ என்றும் அவர் மனைவியை மாஷிமா என்றும் கூப்பிட்டது. நம்மூரில் சித்தப்பா, சித்தி என்பது போல. என்னைத்தான் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அகிலா 'அகிலாதி', அதாவது அகிலா அக்கா. நான் 'அகிலாதியின் வீட்டுக்காரர்'. வங்காளிகளுக்கு ஆளுக்கு இரண்டு பேர்: ஆதார் கார்டில் ஒன்று, தெருவில் கூப்பிட ஒன்று. அந்த இரண்டாவது பேர் கிடைத்தால்தான் தெருவில் சேர்த்தி. பால்காரருக்கும் இஸ்திரி போடுகிறவருக்கும் இருந்தது. தெருநாய்க்குக்கூட இருந்தது. எனக்கு இல்லை என்பது உண்மையாகவே உறுத்தியது.

அந்த நேரத்தில்தான் தெருமுனை கிளப்பின் செயலாளர் பப்லுதா, வழக்கமான கேரம், பேட்மிண்டனோடு இந்தக் குளிர்காலத்தில் வீடியோ கேம் கால்பந்துப் போட்டியும் உண்டு என்று அறிவித்தார். கிளப்புக்கு ஒரு ஆட்டக்காரர். அவரவர் இடத்திலிருந்து இணையத்தில் ஆட வேண்டும். பக்கத்தில் ஓடும் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து கிளப்தான் பரம வைரி. நான் கையைத் தூக்கினேன்.

"என் மெஷின் ராக்கெட் மாதிரி ஓடும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். (ஆணவத்துக்கு என்றைக்கும் இந்தி கைகொடுக்கும்.) என்னையே கேப்டனாக்கிவிட்டார்கள். ஜெயித்தால் 'கேப்டன்' என்றே கூப்பிடுவதாக பப்லுதா தோளில் தட்டிச் சொன்னார். அன்று ராத்திரி அகிலா சாப்பாடு போட்டுக்கொண்டே, "ப்ராஜெக்ட் நல்லா போகுது போல" என்றாள். நான் ரசத்தைப் பற்றிப் பேசினேன்.

முதல் சில ஆட்டங்களை ஊதித் தள்ளினேன். டிசம்பர் பிறந்ததும் லேப்டாப் நொண்ட ஆரம்பித்தது. திரையில் என் ஆட்டக்காரன் ஓடுவான், நிற்பான், கொஞ்ச நேரம் யோசிப்பான், பிறகு மைதானத்தின் வேறு மூலையில் முளைப்பான். அதற்குள் எதிராளி கோல் போட்டுவிட்டுக் கொண்டாடிக்கொண்டிருப்பான். இதில் விசித்திரம், எல்லா நாளும் இப்படி இல்லை. ஒரு நாள் குதிரை மாதிரி ஓடும், மறுநாள் சாயங்காலம் படுத்துவிடும். குதிரை நாட்களின் தயவில்தான் அந்தப் பரம வைரியோடு ஆடும் இறுதி ஆட்டம்வரை எப்படியோ வந்து சேர்ந்தேன்.

கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவன் வீட்டு கம்ப்யூட்டர் கெட்டால், அவன் முதலில் செய்வது கெடாத பாகங்களையும் கெடுப்பது. டிரைவர்களைப் புதுப்பித்தேன். சரியாகவில்லை என்று பழையதற்கே திரும்பினேன். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன். (அதோடு எங்கள் ஹனிமூன் ஃபோட்டோக்களும் அழிந்தன. அது தனி வழக்கு, இன்னும் தீர்ப்பு வரவில்லை.) யூடியூபில் பதினேழு வயசுப் பையன்கள் சொன்ன அமைப்புகளை எல்லாம் வேத வாக்காக எடுத்துக்கொண்டு மாற்றினேன். வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், உள்ளே கொதிக்கிறது. கொல்கத்தாவே சால்வை போர்த்திக்கொண்டு நடுங்கும்போது என் லேப்டாப்புக்கு மட்டும் காய்ச்சல். சூடு தாங்காமல் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பதுவரை சரியாகத்தான் கண்டுபிடித்தேன். ஏன் சுடுகிறது என்பதில்தான் என் அறிவு வேலை செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வைத்து அதைக் கழற்றினேன். விசிறியைத் துடைத்து, சிப்புக்குச் சூடு கடத்தும் புதுப் பசை தடவி, மூடி, அங்கேயே ஓட்டிப் பார்த்தேன். ராக்கெட். பெருமையோடு அதன் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். பழைய இடம் என்றால் ஜன்னலோரம் போட்ட மேஜை. முன்னால் ஒரு பெரிய மானிட்டர், அதற்குப் பின்னால் லேப்டாப், அதற்கும் பின்னால் பழைய காலத்து அகலமான ஜன்னல் விளிம்பு, திரைச்சீலையோடு. உட்கார்ந்தால் எனக்கு மானிட்டர் மட்டும்தான் தெரியும். அன்று சாயங்காலமே மறுபடி நொண்டியது.

இந்த இருட்டில் ஒரே வெளிச்சம் காலை இட்லிதான். குளிர் தொடங்கியதும் மாவு பொங்காமல், இட்லி கேரம் காயாகி, அகிலா மனசொடிந்து போயிருந்தாள். திடீரென்று இட்லி பூவாக வர ஆரம்பித்தது. "எப்படி அகிலா? இந்தக் குளிர்ல திருச்சி இட்லி மாதிரி இருக்கே!" என்று வாயார மெச்சுவேன். லேப்டாப் நொண்டிய ராத்திரிக்கு மறுநாள் காலையில்தான் பூப்போல இட்லி. தடயத்தை நானே சட்னி தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் என் விஞ்ஞான மூளை தீர்ப்பு சொன்னது: வோல்டேஜ். சாயங்காலமானால் கீழே மேஷோ ரூம் ஹீட்டர் போடுகிறார், மின்சாரம் இறங்குகிறது, லேப்டாப் திணறுகிறது. (வோல்டேஜ் இறங்கினால் லேப்டாப் எப்படிச் சூடாகும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.) கீழே போய், இறுதி ஆட்டம்வரை சாயங்காலம் ஹீட்டர் போடவேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

குளிரைக் கண்டு ஒரு வங்காளிக்கு இருக்கும் பயத்தை நேரில் பார்த்தால்தான் நம்பமுடியும். அக்டோபரிலேயே எனக்கு ஒரு குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்து, "டண்டா லேகே ஜாபே" என்று எச்சரித்தவர் மேஷோ. சளி பிடித்துவிடும் என்று அர்த்தம். அந்தக் குல்லாவும் அண்மையில் காணாமல் போயிருந்தது. அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அப்படிப்பட்டவர், கண்ணை மூடி யோசித்துவிட்டு, "தெருவின் மானத்துக்காக" என்றார். மாஷிமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இறுதி ஆட்டத்தன்று சாயங்காலம் கிளப்பே எங்கள் மாடிக்கு வந்துவிட்டது. கட்டிலில் நாலு பேர், தரையில் மீதிப் பேர். மேஷோ ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர், குல்லா, வெந்நீர்ப் பையோடு நடுநாயகமாக உட்கார்ந்தார். இரண்டு நாளாக ஹீட்டர் இல்லாமல் அவருக்குச் சளியும் பிடித்திருந்தது. மறுநாள் காலையில் தெருவுக்கே பிக்னிக். மாஷிமா ஆசையாகக் கேட்டதால் அகிலா எல்லாருக்கும் இட்லி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் நான் ஒரு கோல் போட்டேன். பப்லுதா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்குகள் எரிந்தன. இரண்டாம் பாதியில் என் ஆட்டக்காரன் நின்று யோசிக்கத் தொடங்கினான். எதிராளி ஒரு கோல் திருப்பினான்.

"ஹீட்டர் போட்டிருக்கா?" என்று நான் திரும்பாமலே கத்தினேன்.

"நான் இங்கேதானே உட்கார்ந்து தும்மிக்கிட்டிருக்கேன்!" என்றார் மேஷோ.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த மாஷிமா மானிட்டரின் அடியைக் காட்டி, "ஏட்டா கீ?" என்றார். இது என்னவென்று எனக்கும் தெரியவில்லை. வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஏதோ ஒன்று மேஜைமேல் என் கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. திரையில் கோல்கீப்பர் பந்தைப் பிடித்த கையோடு உறைந்தார். பிறகு திரை இருண்டது.

பப்லுதா பாய்ந்துபோய் மானிட்டரை நகர்த்தி, திரைச்சீலையை விலக்கினார். ஜன்னல் விளிம்பில், லேப்டாப்பின் முதுகோடு ஒட்டி, குரங்குக் குல்லா போட்ட ஒரு தலை உட்கார்ந்திருந்தது. அதன் வாய் வழியாக வெள்ளை நுரை வழிந்தது. மாஷிமா வீல் என்று அலறினார். கட்டிலில் இருந்த நாலு பேரில் ஒருவர் துர்க்கையைக் கூப்பிட்டார்.

அகிலா சமையலறையிலிருந்து ஓடிவந்து, தலையைப் பார்த்தாள்.

"ஐயோ, என் மாவு!"

அது எங்கள் எவர்சில்வர் தூக்கு. டிசம்பரில் ஒரு சாயங்காலம் கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தப் போனவள், லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து வெந்நீர் அடுப்பு மாதிரி அனல் வீசுவதைக் கண்டுபிடித்திருக்கிறாள். அன்றிலிருந்து மாவு அரைக்கும் நாளெல்லாம் தூக்கை அந்த அனல் துவாரத்தில் அணைத்து வைத்து, சூடு போகாமல் இருக்க என் குல்லாவை மாட்டிவிட்டிருக்கிறாள். லேப்டாப் மூச்சுவிடும் ஓட்டையை அடைத்தாயிற்று. அன்று தெருவுக்கே மாவு என்பதால் தூக்கு விளிம்புவரை நிரம்பியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

"மாவு எங்க வைக்கிறேன்னு உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? இந்த லேப்டாப் வாங்கினதுலேர்ந்து உருப்படியா செஞ்ச வேலை இது ஒண்ணுதான்!"

தமிழ் தெரியாத கூட்டம்தான். ஆனாலும் அத்தனை பேருக்கும் புரிந்தது. எதிர் கிளப் ஜெயித்ததாக ஃபோனில் செய்தி வந்தது. மேஷோ எழுந்து வந்து, தான் வாங்கிக் கொடுத்த குல்லாவை, மாவு சொட்டச் சொட்ட, வெகுநேரம் பார்த்தார். "நீ போடவே இல்லைன்னு நினைச்சேன். இதுக்காவது குளிராம இருந்ததே" என்று சொல்லிவிட்டுத் தும்மினார். எனக்கு அப்படியே ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் பிக்னிக்குக்கு நான் வரமாட்டேன் என்றேன். அகிலா இட்லிப் பாத்திரத்தை என் கையில் கொடுத்து இழுத்துப் போனாள். மிச்ச மாவில் வார்த்த இட்லி. பப்லுதா கடுகடுவென்று ஒன்றை எடுத்தார். பிறகு ஒன்று. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. நிமிர்ந்து, வாய் நிறைய இட்லியோடு, "இட்லிதா! இன்னும் கொஞ்சம் சட்னி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். தெருவே சிரித்தது. இப்படியாக எனக்கும் ஒரு பேர் கிடைத்தது. இட்லி அண்ணன். இன்றைக்கும் தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும், ஃபிரிட்ஜ் கெட்டாலும், முதலில் பின்னால் மாவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

லேப்டாப் பிழைத்துக்கொண்டது. சூடானால் மட்டும் லேசாகப் புளித்த வாசனை வரும். தூக்குக்கு இப்போது பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, அதிகாரபூர்வமான இடம் உண்டு. மாவு கீழ்வீட்டுக்கும் சேர்த்துத்தான் அரைக்கிறோம். போன டிசம்பரில் ஒரு சாயங்காலம் ஆபீஸ் வேலை கழுத்தைப் பிடிக்க, நான் நிஜமாகவே அந்த மெஷினில் ப்ராஜெக்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து, என்னைவிட முப்பது வயசு மூத்த மேஷோவின் குரல் வந்தது.

"இட்லிதா! கேலா ஷுரு கொரோ!"

ஆட்டத்தை ஆரம்பி என்கிறார். அகிலா தூக்கோடு வந்து நின்று, என் திரையை எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஆபீஸ் வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. மொதல்ல விளையாடுங்க, மாவு காத்துக்கிட்டிருக்கு."