இழுவை சாருக்கு வெச்ச தீ

மலையில மண்ணு சரிஞ்சு எங்க ஊரு பிக்கட்டிக்கு பஸ்ஸே வராம கெடந்துச்சே, அதுக்கு அடுத்த வருசமுங்க. பச்சத் தேயிலைய சீந்த ஆளில்லாத காலம். எங்க டீ பேக்டரி அடுப்பு அணஞ்சு, கதவ மூடி நாலு மாசம். எல காய வெக்க தீ போடற அடுப்புக்காரனா இருந்த நான் கேட்டுல சும்மா காவலுக்கு உக்காந்திருந்தேன். அப்ப வந்தவருதான் இழுவை சார். மனுசங்கள விட கம்பிகிட்ட அதிகமாப் பேசினவரு உலகத்துலயே அவரு ஒருத்தருதானுங்க.

கோயமுத்தூர்ல ஒரு காலேஜுல ஆராய்ச்சி. மெக்னீசியம்னு ஒண்ணு, தூக்குனா கையில இருக்கறதே தெரியாது. அதுல வேற எதையோ கலந்து கம்பி பண்ணி, சூட்டுல எவ்வளவு நீளும், எப்ப அந்து போகும்னு முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டுச் சொல்லணுமாம். அதுனால எதப் பாத்தாலும் இழுப்பாரு, பேரும் அப்படியே ஆகிப்போச்சு. ஒரு நாளு டீக்கடையில பரோட்டா மாவப் புடிச்சு இழுத்து, "மெதுவா இழுத்தா நீளுது மாஸ்டர், வெடுக்குனு இழுத்தா அந்துருது, பாத்தீங்களா?"ன்னாரு.

"பாத்தனுங்க சார். பசியோட உக்காந்திருக்கற அந்த டிரைவரும் பாத்துட்டுத்தான் இருக்கறாரு"ன்னாரு மாஸ்டர்.

காலேஜுல கம்பியச் சூடு பண்ணி இழுக்கற மெசினு ரிப்பேராம், அதான் எங்க அடுப்பத் தேடி வந்திருந்தாரு. கம்பி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். கணக்கு சரின்னு காட்டலீன்னா மூணு வருசப் பாடு வீணு.

"ஏனுங்கண்ணா, ஆறு மணி நேரம் ஒரே சூடு. ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. முடியுமுங்களா?"

"இருவது வருசமா வேற என்னத்த சார் பண்ணினேன்?"

மானேசரு ஒரே ஒரு நாளைக்குன்னு விட்டாரு. காலையில பத்த வெச்சேன். அடுப்புலருந்து சூட்டுக் காத்து வர்ற வழியில, கம்பியில எடையக் கட்டித் தொங்க விட்டோம். அவரு மீட்டரப் பாப்பாரு, நான் கையக் காட்டிப் பாத்து வெறகு போடுவேன். அவரு சொன்ன கணக்குப்படியே கம்பி துளித்துளியா எறங்குச்சு. "அவசரப்படாத சாமி, மெதுவா வா"ன்னு கொஞ்சினாரு பாருங்க, பொண்டாட்டிகிட்டக்கூட நான் அப்படிப் பேசினதில்ல.

ரெண்டு மணி நேரம் போயிருக்கும். வெளிய சத்தம். பொகையப் பாத்துட்டு, ஊரே எல பறிச்சு மூட்டையோட வந்து நிக்குது. முன்னால மாரக்கா, பக்கத்துல சின்னத் தோட்டம் வெச்சிருந்தவ.

"தொறந்துட்டாங்களாண்ணா?"

சார்தான் முன்னால போனாரு. "இல்லீங்க்கா. என்ற கம்பிக்கு வெச்ச தீங்க."

யாரும் நகரல. அப்பறம் மாரக்கா சொன்னா: "எலைய மறுபடி செடியில ஒட்ட வெக்க முடியாதுங்களே சார். ஊட்டுக்குக் குடிக்கவாச்சும் காய வெச்சுக்கறோம்."

எல காய வெக்கற பக்கம் சூட்டுக் காத்தத் திருப்புனா கம்பிக்குச் சூடு எறங்கிரும். அது அவருக்கும் தெரியும். கம்பிய ஒரு தரம் பாத்தாரு.

"திருப்புங்கண்ணா."

அன்னிக்கு எல்லாருமா எலையக் கையிலயே கசக்குனோம். சாரும் முழங்கை வரைக்கும் பச்சையா, "மெதுவா, மெதுவா"ன்னு சொல்லிட்டே இருந்தாரு. "இது கம்பியில்லீங்க சார், எல!"ன்னு மாரக்கா சிரிச்சா. நாலு மாசம் கழிச்சு அந்தக் கட்டடத்துல சிரிப்புச் சத்தம். சரியா வாடாத எல, டீ பச்ச நாத்தம் அடிச்சுது. அவரு ரெண்டு டம்ளர் குடிச்சாரு.

மறுநாளு கீழ எறங்கினவருதான். பாஸ் ஆனாரா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க கோயமுத்தூர் பக்கம் போனா, டீக்கடையில எதையாச்சும் மெதுவா இழுத்துட்டு ஒருத்தரு உக்காந்திருந்தா சொல்லுங்க. இப்ப நெசமாவே தொறந்துட்டாங்கன்னு சொல்லுங்க. ஒரு நாளு வந்துட்டுப் போகச் சொல்லுங்க.