உருளும் பூசணிக்காய்க்கு நான் எடுத்த ரியூசன்

முப்பத்தொரு வருடம் பிரயோக கணிதம் படிப்பித்தவன் பிழை விட்டால் அது சாதாரணப் பிழையாக இராது. படிமுறைப்படி, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து விட்ட பிழையாகத்தான் இருக்கும். என் மருமகளின் ஆராய்ச்சியை நான் கெடுத்தது அப்படித்தான். கேட்டவர்களுக்கெல்லாம் "தெரியாமல் நடந்துபோச்சு" என்று சொல்லி வந்தேன். தெரிந்துதான் செய்தேன்.

தர்ஷினி என் மகனின் மனைவி. இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, விட்ட படிப்பைத் தொடரப் பல்கலைக்கழகம் திரும்பியவள். துருக்கி மொழி பேசுபவர்கள் அசைவை எப்படிச் சொல்கிறார்கள், எப்படி நினைக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. அதற்குச் சின்னச் சின்னக் கார்ட்டூன்கள் வைத்திருந்தாள். ஒன்றில் பூசணிக்காய் ஒன்று மலையிலிருந்து உருண்டு இறங்கும். இன்னொன்றில் அதே பூசணிக்காய் துள்ளித் துள்ளிக் குகைக்குள் போகும். பார்த்தவர் பார்த்ததை ஒரு துருக்கி மாணவிக்குச் சொல்லவேண்டும். தர்ஷினி அறைக்கு வெளியே நிற்பாள். வாயும் கையும் கமராவில் பதியும்.

"இங்கிலிஷ்காரர் உருண்டதையும் இறங்கினதையும் ஒரே மூச்சிலை சொல்லிப்போடுவினம், மாமா. கையும் சுத்திச் சுத்தி இறங்கும். துருக்கிக்காரருக்கு எங்கை போனதெண்டதுதான் முக்கியம். எப்பிடிப் போனதெண்டதைப் பிறகு சொல்லுவினம், இல்லாட்டி விட்டிடுவினம். கையும் அனேகமா நேரை கீழை போகும். அதைத்தான் பாக்கிறன்" என்றாள். "வயது போன ஆக்கள் ஏழு பேர் வேணும். ஆனா ஒருத்தருக்கும் முன்கூட்டி ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ."

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ரொறன்ரோவில் மோர்னிங்சைட் பக்கம் நான் காலையில் போகும் கோப்பிக் கடையில் ஓர்ஹான் இருந்தார், ஓய்வுபெற்ற துருக்கித் தையல்காரர். அவரோடு அவருடைய ஊர்க்காரர் ஆறு கூட்டாளிகள். எல்லோரும் என்னை 'ஹோஜா' என்பார்கள், துருக்கி மொழியில் ஆசிரியர் என்று பொருள். (பென்சன் எடுத்துப் பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஒருவர் அப்படிக் கூப்பிட்டால் எந்த வாத்தியாருக்கும் தலை கொஞ்சம் வீங்கும்.)

முதலில் ஓர்ஹான் வந்தார். எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் பதிவு முடிந்தது. பஸ் தரிப்பிடம் வரை கூடப் போனேன். எங்களுக்குள் அரைகுறை ஆங்கிலம்தான்.

"பூசணிக்காய்க்கு என்ன சொன்னீர்கள்?"

"கீழே போனது என்றேன்."

"உருண்டதைச் சொல்லவில்லையா?"

"அது உருண்டையாக இருந்தது, ஹோஜா. வேறு எப்படிப் போகும்?"

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சாய்தளத்தில் இறங்கும் கோளம் உருள்கிறதா, வழுக்குகிறதா என்று எழுதாத பிள்ளைக்கு நான் வாழ்நாளில் முழுப் புள்ளி போட்டதில்லை. சக்தியில் ஒரு பங்கு சுழற்சிக்கல்லவா போகிறது? வினாத்தாள் என் தலைக்குள் இருக்க, மிச்ச ஆறு சிநேகிதரும் என் மருமகளிடம் பாதிப் புள்ளி வாங்குவதா?

அடுத்த நாள் காலை கோப்பிக் கடையில் வகுப்பு ஆரம்பமானது. தட்டைச் சரித்துப் பிடித்து டோனட் உருண்டை ஒன்றை உருட்டினேன். என் வலக்கையைச் சுழற்றிச் சுழற்றி இறக்கிக் காட்டினேன். "உருளுவதும் இறங்குவதும் ஒன்றாக வரவேண்டும்." ஒவ்வொரு வினாவின் முடிவிலும் பழக்கதோஷத்தில் விரல்முட்டியால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, "விளங்குதோ?" என்றேன். (ஊரில் இதுவே என் பட்டப்பெயர்.) ஆறு பேரும் நல்ல மாணவர்கள். தட்டுவதையும் விடாமல் பாடமாக்கினார்கள். மூன்று காலை இப்படி நடந்தது.

ஓர்ஹான் மட்டும் எட்ட இருந்து பார்த்தார். "ஹோஜா, அந்தப் பிள்ளை நாங்கள் எப்படி நினைக்கிறோம் என்றுதானே கேட்கிறாள்? நீங்கள் எப்படி நினைக்கிறீர்கள் என்று இல்லையே" என்றார்.

"நீங்கள் சோதனை எழுதி முடித்துவிட்டீர்கள், கொஞ்சம் சும்மா இருங்கள்" என்றேன்.

பதிவுகள் முடிந்த கிழமை தர்ஷினி முகமெல்லாம் வெளிச்சமாக மேலே ஏறி வந்தாள். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும்தான் பார்ப்பார்களாம். "மாமா, ஆறு பேரும் இங்கிலிஷ்காரர் மாதிரிக் கையைச் சுத்தீனம். ரொறன்ரோவிலை இருந்து இருந்து யோசிக்கிற விதமே மாறிப்போச்சுது போலை." பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். அவரும் அதை ஒரு கருத்தரங்கில் பேசச் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோசத்தில் அவள் கேக் செய்தாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒன்பது நாள் சொல்லவில்லை. என் வகுப்பின் பெறுபேறு நன்றாக வந்ததில் எனக்குள் கொஞ்சம் பெருமை வேறு இருந்தது. எழுதவே கூசுகிறது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டாருக்குக் காட்டவென்று தர்ஷினி பதிவுகளை ரீவியில் போட்டாள், சத்தமில்லாமல். முதலாமவர் கையைச் சுழற்றி இறக்கினார், மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாமவர் தட்டியபோது என் மனைவி கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தினாள்.

"பிள்ளை, உது எங்கடை மனிசன்ரை கையெல்லோ?"

தர்ஷினி சத்தத்தைத் திறந்தாள். நாலாமவர் பழைய லொறிச் சாரதி. துருக்கி மொழியில் ஏதோ சொல்லி முடித்து, இரண்டு தட்டி, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் "விளங்குதோ?" என்றார். (பதிவைக் கேட்டு எழுதிய துருக்கி மாணவி அந்த இடத்தில் 'பழைய கிராமத்துச் சொல்லாக இருக்கலாம்' என்று குறித்து வைத்திருந்தாள்.)

ஒருவரும் சிரிக்கவில்லை.

"எத்தினை பேருக்கு மாமா சொல்லிக்குடுத்தனீங்கள்?"

"ஆறு பேருக்கும், பிள்ளை."

"நான் சொல்லவேண்டாமெண்டனான்."

"ஓம்."

"கேக் சாப்பிடேக்கை உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். "அதிலை பிழையான விடை எண்டே ஒண்டும் இல்லை, மாமா" என்று மட்டும் சொன்னாள். அப்படியொரு வினாத்தாளை நான் அதுவரை கையில் தொட்டதில்லை.

கருத்தரங்குப் பேச்சு நின்றது. பேராசிரியருக்கு அவள் எழுதிய கடிதத்தின் கீழே நானும் ஒரு மன்னிப்பு எழுதினேன். ஆறு பதிவுகளும் குப்பைக்குப் போயின. வேறு நகரத்தில் வேறு ஆறு பேரைத் தேடிப் பிடித்து அவள் பட்டம் வாங்க ஒரு வருடம் பிந்திவிட்டது. தப்பிய பதிவு ஓர்ஹானுடையது ஒன்றுதான். அதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவருடைய கை மேலிருந்து நேராக, ஒரு அவசரமும் இல்லாமல் இறங்கி முழங்காலில் அமர்ந்தது. பூசணிக்காய் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவளுடைய ஆய்வுப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது: 'இந்தப் படங்களைப் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் எவருடனாவது பேசினீர்களா?' அதைப் படித்து ஏன் என்று கேட்காதவர் இல்லையாம். அவளும் சொல்லாமல் விட்டதில்லையாம்.

வீட்டிலும் விடுதலை இல்லை. நான் கோப்பிக் கடையிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தால், மகன் தலையை நிமிர்த்தாமல் கேட்பான்: "அப்பா எப்பிடி வந்தவர்? உருண்டோ, துள்ளியோ?"

"வந்தன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றுவேன். உள்ளே பேரப்பிள்ளைகள் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவது கேட்கும்.