யோகலிங்கம் மாமா குடித்த இரண்டாம் போத்தல்

அன்புள்ள சிறிதேவி சித்திக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நீங்களும் உங்கள் சித்த வைத்தியசாலையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஒஸ்லோவில் அம்மாவும் நானும் நலம். உங்கள் அண்ணா யோகலிங்கம் மாமாவின் நலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய வாய்விடங்கம் நாடாப்புழுவைக் கொல்லுமா என்று பள்ளிக்கூட ஆய்வுக்காகச் சோதித்தேன். வகுப்புத் தோழன் ஆன்ட்ரியாஸ் ஏரியில் பிடித்த மீனின் குடலிலிருந்து இரண்டு சிறிய புழுக்கள் கிடைத்தன. முதலாம் போத்தலில் உப்புத்தண்ணீரும் ஒரு புழுவும். இரண்டாம் போத்தலில் வாய்விடங்கக் கஷாயமும் மற்றப் புழுவும். இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். சனிக்கிழமை ஸ்தவாங்கரிலிருந்து மாமா இருமிக்கொண்டே வந்தார். அம்மா சளிக்கு மல்லித்தண்ணி வைப்பதும் அதே மாதிரிப் போத்தலில்தான். மாமா யாரையும் கேட்காமல் இரண்டாம் போத்தலில் பாதியைக் குடித்துவிட்டு, "அக்கா, மல்லி கொஞ்சம் கைக்குது" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். புழுவைக் காணவில்லை. சித்தி, மாமா பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வெளிச்ச மேசையில் மீன் துண்டுகளை வைத்துப் புழு பொறுக்கியவர்! "என்ரை கண்ணிலை ஒரு புழு தப்பாது" என்று வரும்போதெல்லாம் சொல்பவர்.

மீனின் குடற்புழு மனித வயிற்றில் வழக்கமாக வாழாது என்கிறது புத்தகம். அந்த 'வழக்கமாக' என்ற ஒரு சொல்லால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாவிட்டால் மாமாவுக்கு ஆபத்து. சொன்னால் அவருடைய பதினெட்டு வருடத்துக்கு அவமானம். சொல்லிவிட்டேன். மாமா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டொக்டரிட்டைப் போவம் மாமா."

"போய் என்னெண்டு சொல்லுறது? நீ சொன்னது நல்லது பிள்ளை. பாட்ஸ்பியோர்ட் ஆக்களுக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சக் கஷாயத்தையும் குடித்தார். "சின்னனிலை இவனுக்குப் பேதி மருந்து பருக்க நாலு பேர் பிடிக்கவேணும்" என்றார் அம்மா. திங்கட்கிழமை காலை மாமா, "செத்திட்டுது. எனக்குத் தெரியுது" என்று அறிவித்தார். அதோடு பாட்ஸ்பியோர்ட் நண்பர்கள் எல்லோரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, புழுவை வென்ற கதையை அவரே சொல்லிவிட்டார்.

"வாய்விடங்கம் வெற்றி, மனிதரிலும் சோதிக்கப்பட்டது" என்று அறிக்கையை முடித்திருக்கிறேன். நாளை கொடுக்கவேண்டும். உங்கள் கைராசி என்றும் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
யதுர்ஷா

பி.கு.: இப்போதுதான் இரண்டாம் போத்தலைக் கழுவப்போனேன். மூடியின் உள்வளையத்துக்குள், கஷாயத்தில் ஊறியபடி புழு இருந்தது. தொட்டேன், நெளிந்தது. அறிக்கையைக் கிழித்துவிட்டேன். மாமாவுக்கு இனித்தான் சொல்லவேண்டும். மாமா நலம். புழுவும் நலம்.