முனியாண்டி என்றொரு பாக்டீரியா

ஒரு கிருமிக்கு என் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று மூன்று வாரம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதைப் பெருமையாகச் சொன்னேன் என்பதுதான் வெட்கம்.

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். பீடோரில் கொய்யா பறித்தேன், தஞ்சோங் மாலிமில் கார் கழுவினேன், இடையில் ஒரு மழைக்காலம் லாரிக்கு அடியில் படுத்தேன். அப்போதுதான் கஸ்தூரி என்ற ஆராய்ச்சி மாணவி, பழைய ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வெந்நீர் ஊற்றுக்கு வழிகாட்ட ஆள் தேடினார். அந்தக் கொதிநீரில் வாழும் பாக்டீரியாவைப் பிடிப்பது அவர் வேலை. (எனக்கு அதைவிடக் குளிர்ந்த இடங்களிலேயே பிழைப்பு நடக்கவில்லை.)

அவருக்கு வழியைச் சொல்லிவிட்டு நான் முன்னதாகவே போய்விட்டேன். எங்கள் பக்கம் யாரும் வெந்நீர் ஊற்றுக்கு வெறுங்கையோடு போவதில்லை. வெங்காய வலையில் ஐந்து முட்டைகளைக் கட்டி இறக்கினேன். இரண்டு பாறையில் மோதி உடைந்தன. மூன்றைத் தின்றேன்.

கஸ்தூரி வந்தபோது பாறை இடுக்கில் வெள்ளை நூல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் மண்டியிட்டார். குரல் இறங்கிவிட்டது.

"அண்ணே, இந்த ஊத்துல இப்படி ஒன்ன யாரும் பாத்ததில்ல. புதுசா இருந்தா உங்க பேரையே வெக்கலாம்லா."

முனியாண்டி என்பதற்குப் பின்னால் லத்தீனில் ஒரு வால் ஒட்டுவார்களாம். முட்டையைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த வால் தடுத்துவிட்டது.

அன்றே செமோரில் தங்கை வீட்டில் சொன்னேன். மச்சான் கோழி அடித்தார். விஷயம் கோயில் கமிட்டி வரை போய், மூன்றாவது வாரம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் கஸ்தூரி போன் செய்தார்.

"அண்ணே, அன்னிக்கு அங்க முட்டை அவிச்சீங்களா?"

"அஞ்சு."

"எத்தனை உடைஞ்சிச்சு?"

"ரெண்டுதான்."

மூன்று வாரமாக அவர் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவைச் சூட்டுப் பெட்டியில் வைத்து, வளரும் என்று காத்திருந்திருக்கிறார். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகலாம், பசியாறிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த முறை சேற்றிலிருந்து உண்மையான புது பாக்டீரியா கிடைத்தது. அதற்கு அங்கே ஓடும் ஆற்றின் பெயரை வைத்துவிட்டார்கள்.

தங்கை வீட்டில் அன்றிலிருந்து முட்டையை முட்டை என்று யாரும் சொல்வதில்லை. சென்ற மாதம் ஈப்போவில் ஒரு நாசி லெமாக் சோற்றுக் கடையில் மச்சான் பழக்கதோஷத்தில், தனக்கு அவித்த முனியாண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டார். கடைக்கார மலாய் அம்மா சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை செய்யவில்லை என்றார்.